‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’: அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை. ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் போனில் ஒரு நோட்டிஃபிகேஷன். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, எந்தெந்த மாவட்டத்தில் கனமழை, எங்கெல்லாம் ஸ்கூல் லீவு. கடைசியில் ஒரு வரி: ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.’ லீவு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டுப் பெரும்பாலானோர் ஸ்வைப் செய்துவிடுவார்கள். அந்தக் கடைசி வரி எல்லா மழைச் செய்தியிலும் வருவதுதானே!

ஆனால் தமிழகத்தின் 1,076 கிலோமீட்டர் கடற்கரையில் அந்த வரிதான் தலைப்புச் செய்தி. அன்று வேலை உண்டா, வீட்டில் காசு உண்டா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை இந்த வரி எத்தனை முறை வரும், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் நீடிக்கும் என்பது யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் எல்லோருக்கும் தெரியும். அது காலண்டரில் இருக்கிறது. மழைக்காலத்தில் வருவது காலண்டரில் இல்லாத தடைக்காலம்.

இந்த மூன்று மாதங்களில் கடலில் அப்படி என்னதான் மாறுகிறது?

காற்று திரும்பும் நேரம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று அக்டோபரில் ஓய்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் சில நாட்கள், சில வருடங்களில் இரண்டு வாரம் வரை, காற்றே இல்லாத மாதிரி ஒரு இடைவெளி கிடைக்கும். கடல் தட்டு மாதிரி கிடக்கும். சின்னப் படகுக்காரர்களுக்கு இது நல்ல நேரம். டீசல், பெட்ரோல் செலவு குறைவு, வலை சிக்காது, நெத்திலி, சாளை மாதிரியான மீன்களைக் கரைக்குப் பக்கத்திலேயே தேடலாம்.

அதற்குப் பிறகு வாடை. வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும் காற்றுக்குக் கடற்கரையில் வழங்கும் பெயர் இது. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேற்கு, தென்மேற்குப் பக்கம் என்றால் கச்சான். தெற்கிலிருந்து வந்தால் சோழகம். ஊருக்கு ஊர் இந்தப் பெயர்களின் எல்லை கொஞ்சம் மாறும். ஆனால் வானிலை ஆப்பில் ‘வடகிழக்கு, 22 கி.மீ.’ என்று இருப்பதைவிட ‘வாடை இறங்கிடுச்சு’ என்ற இரண்டு வார்த்தையில் தகவல் அதிகம். திசை, குளிர், அலையின் தன்மை, எந்த வலையை எடுக்கலாம் என்பது வரை எல்லாம் அதில் அடக்கம்.

காற்றோடு சேர்ந்து கடலுக்குள் ஓடும் ஆறும் திரும்புகிறது. கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் வருடத்தின் முதல் மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கே போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது தலைகீழாக, வடக்கிலிருந்து தெற்கே ஓடும். வரும்போது கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா ஆறுகள் கடலில் கொட்டிய நல்ல தண்ணீரையும் கூடவே இழுத்து வருகிறது. அதனால் இந்த மாதங்களில் தமிழகக் கரையோரம் கடலின் மேல்தண்ணீரில் உப்பு குறையும். உப்பு குறைந்த தண்ணீர் லேசானது. அது மேலே ஒரு போர்வை மாதிரி மிதக்கும். கீழே இருக்கும் குளிர்ந்த தண்ணீர் அவ்வளவு எளிதில் மேலே வர முடியாது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. புயலுக்குத் தீனி, சூடான கடல் மேற்பரப்பு. காற்று கடலைக் கலக்கும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்தால் புயல் தானாகவே பலவீனமாகும். வங்கக்கடலில் அந்த நன்னீர்ப் போர்வை குளிர்ந்த நீரை மேலே வரவிடாமல் தடுக்கிறது. மழைக்காலத்தில் இந்தக் கடலில் புயல்கள் உருவாவதற்கு இது ஒரு காரணம்.

பெண் கடல் கோபப்படும் மாதம்

ராமேஸ்வரம் போயிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் ‘பெண் கடல்’ என்பார்கள், அமைதியானது என்பதால். தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா ‘ஆண் கடல்’, ஆக்ரோஷமானது. டூரிஸ்ட் கைடுகள் சலிக்காமல் சொல்லும் கதை. (இந்தப் பெயர் வைத்த விதத்தைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.) மீனவர்கள் பேச்சில் அது வடகடல், தென்கடல். அவ்வளவுதான்.

அந்தக் கதை வருடத்தில் பாதிக்குத்தான் பொருந்தும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், தீவு மறைப்பதால் வடகடல் அமைதியாக இருக்கும். வாடை தொடங்கியதும் எல்லாம் மாறிவிடும். இப்போது தீவு தென்கடலுக்கு மறைப்பு. காற்றை நேராக வாங்குவது வடகடல்.

பாக் விரிகுடா ஆழமே இல்லாத கடல். சராசரி ஆழம் சுமார் 9 மீட்டர்தான். மூன்று மாடிக் கட்டடத்தை உள்ளே வைத்தால் பல இடங்களில் மொட்டை மாடி வெளியே தெரியும். ஆழம் குறைந்த தண்ணீர்மேல் பலமான காற்று அடித்தால் நீளமான, மெதுவான அலை எழாது. குட்டையான, செங்குத்தான அலைகள் ஒன்றன் பின் ஒன்றாக, மூச்சு விட நேரம் தராமல் வரும். ஆழ்கடலில் இரண்டு மீட்டர் அலையில் படகு ஏறி இறங்கிவிடும். இங்கே ஒரு மீட்டர் அலையே படகை நொறுக்குகிற மாதிரி அடிக்கும். அடியில் இருக்கும் சேறு கிளம்பித் தண்ணீர் கலங்கிப்போகும்.

இதனால்தான் தீவின் நாட்டுப்படகுக்காரர்களில் பலர் வருடாவருடம் இந்த நேரத்தில் தொழிலை வடக்கிலிருந்து தெற்குக்கு மாற்றிக்கொள்கிறார்கள். பாம்பனில் இது ஒரு பழைய ஏற்பாடு. ஒரே ஊர், ஒரே படகு, ஆறு மாதம் ஒரு கடல், ஆறு மாதம் இன்னொரு கடல். ஆனால் தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம் போன்ற ஊர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்களுக்கு இருப்பது ஒரே கடல். அது கலங்கினால் காத்திருக்க வேண்டியதுதான்.

பாக் விரிகுடாவில் இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒரே கடலில் இரண்டு தரப்பும் முட்டிக்கொள்ளாமல் இருக்க வந்த ஏற்பாடு. மழைக்காலத்தில் இது புதிதாக ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. உங்கள் முறை வரும் நாளில் எச்சரிக்கை வந்தால் அந்த நாள் போச்சு. எச்சரிக்கை நீங்கும் நாளில் முறை அடுத்தவருடையதாக இருந்தால் அதுவும் போச்சு. காற்று யாருடைய டைம்டேபிளையும் பார்ப்பதில்லை.

எதிர்க்கரையிலும் இதே வாடைதான். யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளின் தமிழ் மீனவர்களும் சின்னப் படகுகளையும் சின்ன வலைகளையும் நம்பித்தான் இந்த மாதங்களைக் கடக்கிறார்கள். கடல் அடங்கும் கொஞ்ச நாளில் அவர்கள் போடும் வலைகளை இங்கிருந்து போகும் இழுவைப் படகுகள் அறுத்துவிடுகின்றன என்பது அவர்களின் நெடுநாள் புகார். இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. கைது, படகு பறிமுதல் செய்திகள் மட்டுமே இந்தப் பக்கம் படிக்கப்படும்போது இந்தப் பாதி விடுபட்டுப் போகிறது.

ஆபத்து நடுக்கடலில் இல்லை

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான கரை வேறு மாதிரி. இங்கே மறைப்புக்குத் தீவு இல்லை. வங்கக்கடலின் மேல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தடையே இல்லாமல் ஓடிவரும் காற்று எழுப்பிய அலை நேராக வந்து மணலில் மோதும்.

துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளுக்கு முகத்துவாரமும் தடுப்புச் சுவரும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான குப்பங்களில் ஃபைபர் படகுகள் மணலிலிருந்துதான் இறங்குகின்றன, மணலில்தான் ஏறுகின்றன. சுமார் 30 அடி நீளம், பின்னால் ஒரு அவுட்போர்டு இன்ஜின், நான்கைந்து பேர். இவர்களுக்கு மிக ஆபத்தான இடம் நடுக்கடல் இல்லை. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், அலை உடையும் அந்த வரிசைதான். போகும்போது இரண்டு அலைக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்து வெளியேற வேண்டும். திரும்பி வரும்போது மீன் பாரத்தோடு, முதுகுக்குப் பின்னால் எழும் அலையைக் கணித்து உள்ளே வர வேண்டும். ஒரு நொடி பிசகினால் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். வலையும் இன்ஜினும் போனால் ஒரு குடும்பத்தின் பல வருடக் கடன் அதில் போய்விடும்.

இங்கே ஒரு டெக்னிக்கல் விஷயம். வானிலை அறிக்கையில் ‘அலையின் உயரம் 2.5 மீட்டர்’ என்று வந்தால், எல்லா அலையும் 2.5 மீட்டர் என்று அர்த்தம் இல்லை. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் அந்த எண் சொல்கிறது. அதைவிட உயரமான அலைகள் வரும். அவ்வப்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்திலும் ஒன்று வரலாம். அறிக்கையைப் படிக்கும் ஆபீஸுக்கு 2.5 ஒரு எண். படகில் நிற்பவருக்கு எதிரே வரப்போகும் அந்த ஒரு அலைதான் கணக்கு.

மழை நின்று வெயில் அடித்தாலும் கடல் உடனே அடங்காது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். புயல் ஆந்திராவில் கரையைக் கடந்திருக்கும், சென்னையில் வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்தப் புயல் எழுப்பிய அலைகள் வந்துகொண்டேதான் இருக்கும். ‘மழையே இல்லையே, ஏன் இன்னும் கடலுக்குப் போகவில்லை?’ என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

ஆறு வந்தால் இறால் வரும்

எல்லாமே நஷ்டக் கணக்கு இல்லை. கழிமுகங்களுக்கு இது உயிர் வரும் காலம்.

பழவேற்காட்டில் கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக் குறுகும், சில வருடம் அடைத்தே போகும். மழை வெள்ளம் ஏரியை நிரப்பி அந்த மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும்போது பாதை திறக்கும். கடலில் முட்டையிலிருந்து வந்த வெள்ளை இறாலின் குஞ்சுகள் கழிமுகத்தில் வளர்ந்திருக்கும். வெள்ளத் தண்ணீர் அவற்றைக் கடலுக்குத் தள்ளும். அந்தப் போக்கில்தான் ஏரிக்குள்ளும் கரையோரக் கடலிலும் இறால் படும். பழவேற்காட்டில் ஏரியின் எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடலாம் என்பதை முறை வைத்துப் பிரிக்கும் ‘பாடு’ ஏற்பாடு பல தலைமுறையாக இருப்பதற்கு இந்த இறால் முக்கியமான காரணம்.

ஆறு கொண்டுவரும் வண்டலில் சத்து இருக்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் சென்னைப் பக்கம் கரையோரத் தண்ணீர் கடலை நோக்கி விலக, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வரும். வாடைக் காலத்தில் இதற்கு நேர்மாறு. மேல்தண்ணீர் கரையை நோக்கித் தள்ளப்படுவதால் அடிநீர் மேலே வராது. கடலடியில் இருந்து கிடைக்காத சத்தை இந்த மாதங்களில் ஆறு ஈடுகட்டுகிறது. கலங்கிய தண்ணீரில் வலை மீன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதும் ஒரு லாபம். ஆனால் வஞ்சிரம் மாதிரி கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்கள் தெளிந்த தண்ணீரைத் தேடி விலகிப் போகும். அதைத் துரத்த வேண்டுமென்றால் இன்னும் தூரம் போக வேண்டும்.

கடல் மூடிய நாட்களில் சின்ன மீனவர்களுக்கு ஆறும் காயலும்தான் கைகொடுக்கும். இதனால்தான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது அடி அவ்வளவு பலமாக விழுந்தது. கடல் இல்லாதபோது பிழைக்கும் இடமே அன்று கறுப்பாகிவிட்டது. படகிலும் வலையிலும் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை வெறுங்கையால் வழித்தெடுத்த மீனவர்களின் படங்கள் அப்போது எல்லா போனிலும் ஓடின. ஒரு வாரம் ஓடின.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

‘மன்னார் வளைகுடா, குமரிக்கடல், தென்மேற்கு வங்கக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும்.’ இந்த வாக்கியம் பலருக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். ‘சூறாவளி’ என்று இருப்பதால் பயந்துவிட வேண்டாம், இது புயல் இல்லை. திடீர் திடீரென்று வலுக்கும் காற்று. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 62 கி.மீ. வேகத்தை நிலையாகத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். அதற்கும் கீழே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற படிகள். ஃபைபர் படகுக்குப் பெயர் வைத்த புயல்தான் வேண்டும் என்று இல்லை. பெயர் வைக்காத 55 கி.மீ. காற்றே போதும்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. முதல் இரண்டும் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது என்ற தகவல். 3, 4 என்றால் காற்று உங்கள் துறைமுகத்தையும் தொடும். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஒரு சந்தேகம் வரலாம்: 5-க்கும் 7-க்கும் என்ன வித்தியாசம்? புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்துக்கு மேலேயே கடக்குமா என்பதைத்தான் அந்த எண்கள் பிரிக்கின்றன. எண் கூடினால் புயல் வலுத்துவிட்டது என்று டிவியில் சொல்வது எப்போதும் சரியாக இருக்காது.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற இந்திய தேசியக் கடல்சார் தகவல் மையம் அலை, நீரோட்ட முன்னறிவிப்பையும், எங்கே மீன் கிடைக்கலாம் என்ற தகவலையும் தருகிறது. இரண்டாவது விஷயம் செயற்கைக்கோள் பார்க்கும் கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துக் கணிக்கப்படுவது. மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. ஆக, வழிகாட்டல் மிகவும் தேவைப்படும் மழைக்காலத்தில்தான் அந்த வரைபடம் அடிக்கடி வெறுமையாக இருக்கும்.

ஒக்கி கற்றுக்கொடுத்தது

எச்சரிக்கை வந்தால் போதாது, அது போய்ச் சேர வேண்டும். 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாளே அது ஒக்கி புயல். அதுவும் குமரிக்குப் பக்கத்திலேயே. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரை ஊர்களுக்கு நவம்பர் மோசமான மாதம் அல்ல, நல்ல மாதம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து அரபிக்கடல் அடங்கியிருக்கும். தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் சுறா, சூரை தேடி வாரக்கணக்கில் கடலில் இருக்கும் நேரம் அது. எச்சரிக்கை வருவதற்கு முன்பே பலர் கிளம்பியிருந்தார்கள்.

ஒரு கணக்கு போடலாம். கரையிலிருந்து 200 கடல் மைல் தூரத்தில் ஒரு படகு. வேகம் மணிக்கு 7 கடல் மைல். திரும்பி வர 28 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தாழ்வு மண்டலம் புயலாக மாற ஒரு நாள்தான் ஆனது. எச்சரிக்கை அந்த நொடியே காதில் விழுந்திருந்தால்கூட கரை சேர்ந்திருக்க முடியாது. காதிலும் விழவில்லை. கையில் இருந்த விஹெச்எஃப் கருவிகளின் எல்லை சில பத்து கடல் மைல்கள்தான். தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு மாற்றங்கள் வந்தன. செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி கருவி 2019-இல் அறிமுகமானது. படகிலிருந்து கரைக்கும் தகவல் அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டர்கள் விசைப்படகுகளில் பொருத்தப்படுகின்றன. கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக்கு 1093 என்று உதவி எண்கள் இருக்கின்றன. எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் கவனித்தால் ஒன்று புரியும். இவை பெரும்பாலும் பெரிய படகைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. குப்பத்திலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி பத்து மணிக்குள் திரும்பும் ஃபைபர் படகுக்கு இன்றும் கரையில் இருப்பவரின் போன்கால்தான் எச்சரிக்கைக் கருவி.

‘போகாதே’ என்று சொல்வதற்கு விலை யார் தருவது?

எச்சரிக்கையைத் தாண்டிக் கடலுக்குப் போய் விபத்து நடந்தால் கமென்ட்டுகளில் ஒரே கேள்விதான் இருக்கும்: ‘அதான் போக வேண்டாம்னு சொன்னாங்கல்ல, ஏன் போறாங்க?’

வானிலை மையத்தின் எச்சரிக்கை பெரிய பெரிய கடற்பரப்புகளுக்குத் தரப்படுவது. ‘தமிழகக் கடலோரப் பகுதிகள்’ என்றால் பழவேற்காடும் அதில் வரும், கோடியக்கரையும் வரும். ஒரு இடத்தில் காற்று அடித்து நொறுக்கும்போது இருநூறு கிலோமீட்டர் தள்ளி கடல் அமைதியாக இருக்கலாம். அமைதியான கடலைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் கரையில் உட்கார்ந்தவர், நான்காவது நாள் எச்சரிக்கையைச் சந்தேகப்படுவார். இதை அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. எச்சரிக்கை பலிக்காத ஒவ்வொரு நாளுக்கும் அவர் சொந்தக் காசில் விலை கொடுத்திருக்கிறார்.

விசைப்படகுகளுக்கு மீன்வளத்துறை அனுமதி டோக்கன் தர வேண்டும். டோக்கன் நிறுத்தப்பட்டால் படகு நகராது. நாட்டுப்படகுக்காரர் பல இடங்களில் தானே முடிவெடுக்கிறார், அந்த முடிவின் முழு பாரத்தையும் அவரே சுமக்கிறார். படகின் வருமானம் பங்கு முறையில் பிரிவது. மீன் இல்லையென்றால் பங்கு இல்லை. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ ஆகும் மழை நாள், இவருக்குச் சம்பளம் இல்லாத நாள். மீனைக் கூடையில் எடுத்து விற்கும் பெண்களுக்கும் அப்படித்தான். அவர்கள் கடலுக்கே போவதில்லை என்பதால் பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை.

நிவாரணமே இல்லை என்று சொல்ல முடியாது. தடைக்காலத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதை 61 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 131 ரூபாய். மழைக்கால மீன்பிடி குறைவு நிவாரணமாக 6,000 ரூபாய். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 4,500 ரூபாய், அதில் 1,500 மீனவர் தானே கட்டிய பணம். மூன்றும் தேவையான உதவிகள். ஆனால் மழைக்காலத் தொகை எல்லா வருடமும் ஒன்றுதான். எச்சரிக்கை பத்து நாள் இருந்த வருடத்துக்கும் நாற்பது நாள் இருந்த வருடத்துக்கும் ஒரே 6,000.

இதில்தான் கொள்கை கடலுக்குப் பொருந்தாமல் போகிறது. தடைக்காலம் மீனின் நலனுக்காக அரசு விதிப்பது, அதனால் அதற்கு நாள் கணக்கு உண்டு. எச்சரிக்கைக் காலம் மீனவரின் உயிருக்காக அரசு விதிப்பது, அதற்கு நாள் கணக்கு கிடையாது. ‘போகாதே’ என்று சொல்லும் உரிமை அரசுக்கு வேண்டும், சொல்லவும் வேண்டும். அப்படிச் சொன்ன நாட்களை எண்ணி, ஒரு அளவைத் தாண்டினால் நிவாரணமும் தானாகக் கூட வேண்டும். பயிர்க் காப்பீட்டில் மழையளவை வைத்து இழப்பீடு தரும் முறை விவசாயிகளுக்குப் புதிதல்ல. கடலில் காற்றின் வேகத்தையும் எச்சரிக்கை நாட்களையும் வைத்து அதையே செய்ய முடியும். இழப்பை நேரில் வந்து அளக்கக்கூடத் தேவையில்லை.

எச்சரிக்கையைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்துத் தருவது இதோடு சேர வேண்டிய வேலை. பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் ஒரே நாளில் எவ்வளவு வேறு வேறு கடலாக இருக்க முடியும் என்பதைப் பாம்பன் பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாலே தெரியும்.

நவம்பர் 21 உலக மீனவர் தினம். தமிழகத்தில் அது சரியாக மழைக்காலத்தின் நடுவில் வருகிறது. பல வருடங்களில் அன்றும் எச்சரிக்கை இருக்கும், படகுகள் கரையில் இருக்கும். வாழ்த்து ஸ்டேட்டஸ்கள் வரும். எத்தனை நாள் டோக்கன் நிறுத்தப்பட்டது என்ற விவரம் மீன்வளத்துறை அலுவலகங்களில் இருக்கிறது. எந்தெந்த நாளில் எந்தக் கடலுக்கு எச்சரிக்கை என்பது வானிலை மையத்தின் பதிவில் இருக்கிறது. நிவாரணத்தைக் கணக்கிட வேண்டிய எண்கள் அந்த இரண்டு பதிவேட்டிலும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன.